அடுத்த சீசன்ல எந்த மைனர் லீக் பையன் கிளம்புவான்? மூணு இடம் காலி, எதைப் பார்த்து எடுக்கறது?

குடந்தை_டபுள்ப்ளே

வணக்கம் எல்லாருக்கும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பசங்க கொஞ்ச பேரும் நியூ ஜெர்சில இருக்கிற மச்சான் கூட்டமும் சேர்ந்து நடத்துற ஃபேன்டஸி பேஸ்பால் (நிஜ ஆட்டக்காரங்களை நம்ம டீம்ல எடுத்து, அவங்க போடுற நம்பரை வச்சுப் போட்டி போடறது) லீக் எங்களோடது. 12 டீம். ஆளை வருஷா வருஷம் விடாம வச்சுக்கிற டைனஸ்டி முறை. மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே பசங்க பழகி ஏறுற இடம்) ஆளுங்களுக்குன்னு டீமுக்கு 10 இடம். ஆக 120 பேர் வரைக்கும் யாராவது ஒருத்தர் மடக்கிப் போட்டுட்டாங்க. டாப் 100 லிஸ்ட்ல (பெரிய ஆளா வருவாங்கன்னு எதிர்பார்க்கிற பசங்க பட்டியல்) பேர் வந்தவன் ஒருத்தனும் மிச்சமில்லை. எனக்கு மூணு இடம் காலியா இருக்கு. பிப்ரவரி கடைசிக்குள்ள, நம்ம பக்கம் சம்பா அறுப்பு முடியிற சமயத்துல, பேரை எழுதிக் கொடுத்தாகணும்.

இன்னைக்கு எந்த லிஸ்ட்லயும் இல்லாம, வர்ற ஆகஸ்ட்ல எல்லா லிஸ்ட்லயும் ஏறி உட்காரப்போற ஆளை இப்பவே எப்படிப் பிடிக்கறது? எந்த நம்பர் இருந்தா எடுக்கலாம், எதைக் கண்டா ஓடணும்? "நல்ல டேலன்ட்டா பாருங்க"ன்னு பொத்தாம்பொதுவா சொல்லாம கணக்கோட சொல்லுங்க. எங்க லீக்ல பேட்டிங் ஆவரேஜுக்குப் பதிலா ஆன்-பேஸ் பர்சன்டேஜ் (எத்தனை தடவை பேஸுக்குப் போனான்ங்கிற விகிதம்). பிட்சிங்ல ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்), ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் கணக்குல விழுற ரன்), விப் (இன்னிங்ஸுக்குக் கொடுத்த ஹிட்டும், நாலு வெளிப்பந்துல தானா பேஸ் கிடைக்கிற வாக்கும்), குவாலிட்டி ஸ்டார்ட் (தொடங்கின பிட்சர் ஆறு இன்னிங்ஸாவது போட்டு மூணு ரன்னுக்கு மேல விடாதது), சேவ் (முன்னிலையைக் காப்பாத்தி ஆட்டத்தை முடிக்கறது).

---

மன்னை_ஸ்கோர்ஷீட்

தம்பி, முதல்ல பேட்ஸ்மேனை முடிச்சுடுவோம். பிட்சர் சமாச்சாரத்துக்குத் திருவையாத்துக்காரர் வருவார், வந்தே தீருவார்.

முதல்ல களம் எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுக்குங்க. 2021ல இருந்து மைனர் லீக்ல 120 டீம். ஒவ்வொரு மேஜர் லீக் கிளப்புக்கும் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏன்னு நாலு. கிளப் ஒண்ணு அமெரிக்காவுக்குள்ள 165 பேருக்கு மேல வச்சுக்கக் கூடாதுன்னு 2024ல வரம்பு வந்துடுச்சு. அப்படியே பார்த்தாலும் 5,000 பேர் பக்கம். இதுல பேட்டிங் ஆவரேஜை வச்சு வரிசைப்படுத்தி மேல இருந்து எடுத்தா உங்க லீக்ல மீதி 11 பேரும் அதையேதான் செஞ்சிருப்பாங்க. அவங்க கண்ணுக்குப் படாதது எங்கே இருக்குன்னு பாருங்க.

நான் பார்க்கறது இந்த வரிசைல: வயசு, ஸ்ட்ரைக்அவுட் விகிதம், வாக் விகிதம், அடியோட வேகம். ஹோம் ரன் எண்ணிக்கை கடைசி.

வயசு ஏன் முதல்ல? சிங்கிள்-ஏல சராசரி வயசு 21 பக்கம், ஹை-ஏல 22-23, டபுள்-ஏல 24 பக்கம், டிரிபிள்-ஏல 26ஐயும் தாண்டும். 19 வயசுல ஹை-ஏ ஆடுறவன் தன்னைவிட மூணு நாலு வயசு மூத்த, காலேஜ்ல மூணு வருஷம் பந்து போட்டுப் பழகின ஆளுங்களை எதிர்கொள்றான். அவன் சராசரியா ஆடினாலே பெரிய விஷயம்.

கணக்குக்காக ரெண்டு கற்பனை ஆளை வச்சுக்குவோம். முதல் ஆளுக்கு 19 வயசு, ஹை-ஏ, 400 ப்ளேட் அப்பியரன்ஸ் (பேட் பிடிச்சு நின்ன மொத்தத் தடவை). 340 அட்-பேட்ல (அந்த மொத்தத்துல வாக், சாக்ரிஃபைஸ் மாதிரி சேராததைக் கழிச்சது) 80 ஹிட், 7 ஹோம் ரன், 76 ஸ்ட்ரைக்அவுட், 52 வாக், 3 சாக்ரிஃபைஸ் ஃப்ளை (தான் கேட்ச்ல அவுட்டாகி இன்னொருத்தனை ரன் ஓட வைக்கிற அடி). ஆவரேஜ் .235. ரெண்டாவது ஆளுக்கு 24 வயசு, அதே ஹை-ஏ, 480 ப்ளேட் அப்பியரன்ஸ். 445 அட்-பேட்ல 138 ஹிட், 24 ஹோம் ரன், 130 ஸ்ட்ரைக்அவுட், 30 வாக். ஆவரேஜ் .310. உங்க லீக்ல பத்துக்கு ஒன்பது பேர் ரெண்டாவது ஆளைத்தான் தூக்குவாங்க.

இப்ப விகிதம் போடுங்க. முதல் ஆள் ஸ்ட்ரைக்அவுட் 19%, வாக் 13%. ரெண்டாவது ஆள் 27%, 6%. அடுத்து உள்ளே விழுந்த பந்துல எத்தனை ஹிட் ஆச்சுன்னு பார்க்கிற பேபிப். ஹிட்ல இருந்து ஹோம் ரனைக் கழிங்க. அதை, அட்-பேட்ல இருந்து ஸ்ட்ரைக்அவுட்டையும் ஹோம் ரனையும் கழிச்சு சாக்ரிஃபைஸ் ஃப்ளையைக் கூட்டின தொகையால வகுங்க. முதல் ஆளுக்கு 73 வகுத்தல் 260, அதாவது .281. ரெண்டாவது ஆளுக்கு 114 வகுத்தல் 291, அதாவது .392. கீழ் லெவல்ல ஃபீல்டிங் சுமாரா இருக்கிறதால பொதுவாவே பேபிப் .310க்கு மேல நிக்கும். .392ங்கிறது எந்த ஊர்லயும் நிலைக்காது. டபுள்-ஏக்குப் போனதும் அந்த 27% ஸ்ட்ரைக்அவுட் 32 ஆகும், ஆவரேஜ் .230க்கு வந்துடும். முதல் ஆளுக்கு ஏற மட்டும்தான் வழி இருக்கு.

அவன் ஏன் .235ல நிக்கறான்னும் பார்க்கணும். கிரவுண்ட் பால் விகிதம் 50%க்கு மேல இருந்தா, பலமா அடிச்சும் தரையில அடிக்கறான்னு அர்த்தம். அது திருத்தக்கூடிய குறை. பந்துல பேட்டே படலைன்னா அதைத் திருத்தறது ரொம்பக் கஷ்டம். நான் தேடுறது இப்படிப்பட்ட ஆளைத்தான்: கஷ்டமான வேலை ரெண்டும் (பந்தைத் தொடறது, பலமா அடிக்கறது) கையில இருக்கணும், திருத்தக்கூடிய ஒரே ஒரு குறை ஸ்கோர்கார்டை அசிங்கமா காட்டணும்.

நிஜ உதாரணம் ரோமன் ஆண்டனி. 2022 டிராஃப்ட்ல (கிளப்புகள் வரிசையா புது ஆளுங்களை எடுக்கிற தேர்வு) 79வது ஆள். 2023ல 19 வயசுல சேலம் டீமுக்கு (நம்ம சேலம் இல்லை, வர்ஜீனியா சேலம்) 42 ஆட்டத்துல ஆவரேஜ் .228, ஒரே ஒரு ஹோம் ரன். ஆனா ஆன்-பேஸ் .376. பந்து பேட்டை விட்டுப் போற வேகம் அந்த வயசுக்கு அதிகம். பாஸ்டன் அவனை அந்த நம்பரோடயே ஹை-ஏக்கு ஏத்திவிட்டாங்க. அங்கே 54 ஆட்டத்துல 12 ஹோம் ரன். .228 அடிக்கிற பையனைக் கிளப் மேல ஏத்தினா அதைவிடப் பெரிய துப்பு வேணாம். உள்ளே அவங்க வேற கணக்கைப் பார்க்கறாங்க.

பழைய உதாரணம் மூக்கி பெட்ஸ். 2011 டிராஃப்ட் அஞ்சாவது ரவுண்டு. 2012ல லோவெல் டீம்ல 71 ஆட்டம், ஹோம் ரன் பூஜ்யம். ஆனா ஸ்ட்ரைக்அவுட்டைவிட வாக் அதிகம். 2013ல 15 ஹோம் ரன், 38 ஸ்டீல் (அடியில்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிச்சது). 2014 ஜூன்ல மேஜர் லீக்.

வேகத்துக்கு ஒரு அளவுகோல்: அடிச்சதுல மேல் 10% பந்து எந்த எக்ஸிட் வெலாசிட்டில (பேட்டை விட்டுப் போற வேகம்) தொடங்குதுன்னு எடுத்துக்குங்க. மேஜர் லீக் சராசரியே மணிக்கு 103-104 மைல் (சுமார் 166 கிலோமீட்டர்) பக்கம். 20 வயசுல ஒருத்தன் அதைத் தொட்டுட்டான்னா பலம் வந்து சேர்ந்தாச்சு. ஒரே ஒரு தடவை 112 மைல் அடிச்சதைப் பெருசா எழுதுவாங்க. அதுக்கு மயங்காதீங்க, ஆனா ஒதுக்கவும் வேணாம். உடம்புல இருக்குன்னு காட்டுது, அவ்வளவுதான்.

---

திருவையாறு_ஸ்லைடர்

மன்னையார் சொன்னது சரி, ஆனா பிட்சரைத் தொடவே கூடாதுன்னு அவர் வழக்கமா பாடுற பாட்டை இன்னைக்கு விட்டுட்டார். சந்தோஷம்.

பேட்ஸ்மேன் கிளம்ப ஒரு வருஷம் ஆகும். பிட்சர் ஒரு மழைக்காலத்துல வேற ஆளாயிடுவான். அக்டோபர்ல ஊருக்குப் போய், பிப்ரவரில வரும்போது பந்துல 2 மைல் கூடியிருக்கும், புதுசா ஒரு கட்டரோ ஸ்வீப்பரோ (பக்கவாட்டுல நகர்ற பந்து வகைகள்) கையில இருக்கும். அதனால போன வருஷ ஈஆர்ஏவை வச்சு பிட்சரைக் கணிக்கறது பாதி வீண். மாற்றம் ஏதாவது நடந்திருக்கான்னு தேடணும்.

ஒரே ஒரு நம்பர் கேட்டீங்கன்னா, ஸ்ட்ரைக்அவுட் விகிதத்துல இருந்து வாக் விகிதத்தைக் கழிச்சது. மேஜர் லீக் சராசரி 14% பக்கம். மைனர்ல ஸ்டார்ட்டரா (ஆட்டத்தைத் தொடங்கிப் போடறவன்) ஆடி 20%க்கு மேல வச்சிருக்கிறவனை எழுதி வச்சுக்குங்க. டாரிக் ஸ்கூபல் 2018ல ஒன்பதாவது ரவுண்டுல போனவர், 2016லயே டாமி ஜான் அறுவை (முழங்கைத் தசைநாரை மாத்துறது) செஞ்சவர், அதனாலதான் யாரும் கண்டுக்கலை. 2019ல டபுள்-ஏ ஈரி டீமுக்கு 42 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் போட்டார், அதுல 82 ஸ்ட்ரைக்அவுட். அந்த நம்பர் வந்த அன்னைக்கே எடுத்திருந்தா 2024 சை யங் (வருஷத்தோட சிறந்த பிட்சர் விருது) உங்க வீட்ல.

எதைக் கண்டா ஓடணும்? காலேஜ்ல இருந்து வந்த 23 வயசு இடது கை, 88-89 மைல் வேகம், நல்ல சேஞ்ச்அப் (வேகத்தைக் குறைச்சு ஏமாத்துற பந்து), ஹை-ஏல ஈஆர்ஏ 1.90. இவனைப் பார்த்து ஏமாறாதவன் கிடையாது. 19-20 வயசுப் பசங்களுக்கு நல்ல சேஞ்ச்அப்பை அடிக்கத் தெரியாது. டபுள்-ஏல தெரியும். ஸ்ட்ரைக் ஸோனுக்குள்ள (ஸ்ட்ரைக்னு எண்ணுற எல்லை) போடுற ஃபாஸ்ட்பால்ல பேட் காத்துல சுத்துதான்னு பாருங்க. இல்லைன்னா விட்டுடுங்க.

ஆனா ஒரு விதிவிலக்கு. கன்ட்ரோல் ரொம்ப நல்லா இருந்து வேகம் மட்டும் குறைவா இருக்கிற காலேஜ் ஆளை கிளீவ்லாந்து எடுத்தா கொஞ்சம் நிதானிங்க. ஷேன் பீபர் 2016 நாலாவது ரவுண்டு, வாக்கே கொடுக்காத ஆள்னு மட்டும்தான் பேரு. வேகம் கூட்டினாங்க, 2020ல சை யங். கன்ட்ரோலைக் கத்துக் கொடுக்கறதைவிட வேகத்தைக் கூட்டறது இந்தக் காலத்துல சுலபம்.

டாமி ஜான் கணக்கு: திரும்பி வர 14ல இருந்து 18 மாசம். வந்ததும் வேகம் முதல்ல வரும், கன்ட்ரோல் கடைசியா வரும். திரும்பின வருஷம் வாக் அதிகமா இருக்கும், ஈஆர்ஏ அசிங்கமா இருக்கும், எல்லாரும் கைவிட்டுடுவாங்க. அடுத்த வருஷம் எடுக்கணும். ஜேக்கப் டிகிராம் 2010ல ஒன்பதாவது ரவுண்டு, அதே வருஷம் அறுவை, 2011 முழுசா போச்சு, 2014ல நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம். ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2019ல காலேஜ்ல அறுவை, 2020 நாலாவது ரவுண்டு, 2021ல ஒரே சீசன்ல சிங்கிள்-ஏல இருந்து மேஜர் லீக் வரைக்கும் ஏறிட்டார். 2022ல 202 ஸ்ட்ரைக்அவுட்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, இன்னிங்ஸ் வரம்பு. போன வருஷம் 60 இன்னிங்ஸ் போட்டவனை இந்த வருஷம் 90-100க்கு மேல விடமாட்டாங்க. உங்க லீக்ல குவாலிட்டி ஸ்டார்ட் இருக்கு. நாலு இன்னிங்ஸோட இறக்கிட்டா அது கிடைக்காது. இன்னொண்ணு, ரெண்டே வகைப் பந்து, வாக் 12%க்கு மேலன்னா அவன் கடைசில ரிலீவர்தான் (நடுவுல வந்து கொஞ்ச நேரம் மட்டும் போடறவன்). சேவ் கணக்கு இருக்கிறதால உங்களுக்கு அதுவும் உதவும், ஆனா ஸ்டார்ட்டர் விலை கொடுத்து எடுக்காதீங்க.

---

குடந்தை_டபுள்ப்ளே

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே. உடனே ரெண்டு சந்தேகம்.

எக்ஸிட் வெலாசிட்டி எங்கே கிடைக்கும்? மைனர் லீக்ல எல்லா மைதானத்துக்கும் வெளில வர்ற மாதிரி தெரியலை. அப்புறம் டிரிபிள்-ஏ நம்பரை நம்பலாமா? அங்கே இருக்கிற பசிஃபிக் கோஸ்ட் லீக்ல எல்லாரும் .300 அடிக்கற மாதிரி இருக்கு.

---

ஸ்ரீரங்கம்_40வதுஆள்

டேட்டா: எல்லாருக்கும் திறந்து வச்சிருக்கிறது ரெண்டே இடம். பேஸ்பால் சாவன்ட் தளத்தோட மைனர் லீக் தேடல்ல டிரிபிள்-ஏ முழுசும் (2023ல இருந்து), சிங்கிள்-ஏல ஃப்ளோரிடா ஸ்டேட் லீக் மட்டும் (2021ல இருந்து). நடுவுல இருக்கிற ஹை-ஏ, டபுள்-ஏக்கு கிளப்புகள்கிட்ட இருக்கு, நமக்குக் கிடைக்காது. அந்த லெவலுக்கு ஃபேன்கிராஃப்ஸ் தளத்தோட மைனர் லீக் பட்டியல்ல ஸ்விங்கிங் ஸ்ட்ரைக் விகிதம் (வந்த பந்துல பேட்டை வீசித் தவறவிட்டது எத்தனைன்னு) இருக்கு. 10%க்குக் கீழே நல்லது, 15%ஐத் தாண்டினா பயம். ஆக ஒரு சின்ன வசதி: ஃப்ளோரிடால ஆடுற டீம் வச்சிருக்கிற கிளப்போட பையனுக்கு 18-19 வயசுலயே அடிவேகம் நமக்குத் தெரிஞ்சிடுது. மத்த லீக் பையனோடது தெரியாது. என் மூணுல ஒண்ணை எப்பவும் அந்த லீக்ல இருந்துதான் எடுப்பேன். அந்த லீக் வெக்கையும் ஈரக்காத்தும் பெரிய மைதானங்களும் சேர்ந்தது, பந்து பறக்காது. அதனால அங்கே 8 ஹோம் ரன் அடிச்சவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

டிரிபிள்-ஏ: தம்பிக்குச் சந்தேகம் சரிதான். ஆல்புகர்க்கி கடல் மட்டத்துல இருந்து 5,000 அடிக்கு மேல, ரீனோ, லாஸ் வேகஸ், எல் பாசோ எல்லாமே காத்து மெலிஞ்ச, வறண்ட ஊர். பந்து எகிறும், பிரேக்கிங் பால் வளையாது. 2019ல இருந்து டிரிபிள்-ஏல மேஜர் லீக் பந்தையே பயன்படுத்தறாங்க. கீழ் லெவல் பந்து வேற. அதனால டபுள்-ஏல இருந்து ஏறுற பிட்சரோட ஸ்லைடர் ஒரு மாசம் ஆட்டம் காட்டும், அதுக்காக அவனைக் கைவிட்டுடாதீங்க. ஹை-ஏல ஆஷ்வில், டபுள்-ஏல அமரில்லோ ரெண்டும் பேட்ஸ்மேன் சொர்க்கம். அங்கே ஆடுறவனுக்குச் சொந்த ஊர், வெளியூர் ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க. வெளியூர்ல 150 ப்ளேட் அப்பியரன்ஸ் இருந்தா போதும், குட்டு வெளிப்பட்டுடும்.

டிரிபிள்-ஏல வாக் விகிதமும் கொஞ்சம் ஊதினது. பந்து ஸ்ட்ரைக்கா இல்லையான்னு மெஷின் சொல்ற தானியங்கி ஸ்ட்ரைக் ஸோன் மேஜர் லீக்குக்கு முன்னாடியே அங்கே வந்துடுச்சு. 2023ல வாரத்துல பாதி நாள் முழு தானியங்கி, பாதி நாள் சேலஞ்ச் முறை (அம்பயர் முடிவை யாராவது எதிர்த்தா மட்டும் மெஷினைக் கேக்கறது), 2024 நடுவுல இருந்து முழுக்க சேலஞ்ச். அங்கே 15% வாக் வாங்கினவன் மேல வந்தா 10-11தான். 2026ல இருந்து மேஜர் லீக்லயும் சேலஞ்ச் வந்துட்டதால இந்த வித்தியாசம் குறையணும்.

இந்த மாதிரி ஒரு கூத்து டபுள்-ஏலயும் நடந்தது. 2023 முதல் பாதில சதர்ன் லீக்ல மட்டும் பசைத்தன்மை ஏத்தின பந்தைச் சோதிச்சாங்க. ஸ்ட்ரைக்அவுட் எகிறுச்சு. அப்புறம் பழைய பந்துக்கே போயிட்டாங்க. அந்த ஏப்ரல்-ஜூன் நம்பரை மட்டும் பார்த்து பிட்சரை எடுத்தவங்க, பேட்ஸ்மேனை விட்டவங்க ரெண்டு பேருமே நஷ்டப்பட்டாங்க. ஒரு லீக்ல எல்லாருக்கும் நம்பர் ஒரே பக்கம் சாஞ்சா, ஆளைப் பார்க்கறதுக்கு முன்னாடி பந்தையும் விதியையும் விசாரிங்க.

இனி என் பிடிச்ச விஷயம், யாரும் பேசாதது: இடம். திறமை இருந்தும் 40 பேர் ரோஸ்டர்ல (கிளப்போட மேஜர் லீக் பட்டியல்) இடம் இல்லைன்னா பையன் காத்துக் கிடப்பான். ரூல் 5 விதிப்படி 18 வயசுக்குள்ள கையெழுத்துப் போட்டவனுக்கு அஞ்சு சீசன், 19 வயசு அல்லது அதுக்கு மேலன்னா நாலு சீசன். அதுக்குள்ள 40ல சேர்க்கலைன்னா டிசம்பர் டிராஃப்ட்ல எந்த கிளப்பும் ஒரு லட்சம் டாலர் கட்டித் தூக்கிட்டுப் போகலாம். தூக்கினவன் அந்த சீசன் முழுக்க மேஜர் லீக் 26 பேர்ல வச்சிருக்கணும்.

நவம்பர் நடுவுல, 40 பேர் பட்டியலை இறுதி செய்யறதுக்கு முந்தின வாரம், சின்னச் சின்ன டிரேட் நடக்கும். செய்தில ஒரு வரிதான் வரும். அதுதான் புதையல். 2021 நவம்பர்ல டம்பா பே டோபையஸ் மையர்ஸ்னு ஒரு பிட்சருக்கு 40ல இடம் இல்லாம கிளீவ்லாந்துக்குக் கொடுத்துட்டு, டொமினிகன் சம்மர் லீக் (டொமினிகன் குடியரசுல நடக்கிற அடிமட்ட லீக்) மட்டுமே ஆடியிருந்த ஒரு 18 வயசுப் பையனை வாங்கினாங்க. ஜூனியர் கேமினேரோ. 2023ல மைனர்ல 31 ஹோம் ரன் அடிச்சுட்டு அந்த செப்டம்பரே மேஜர் லீக். 2025ல 45. இதே கதை யோர்டான் ஆல்வரெஸ். 2016ல டாட்ஜர்ஸ் கையெழுத்து வாங்கி, ஒரு ஆட்டம்கூட ஆடறதுக்கு முன்னாடி ஜாஷ் ஃபீல்ட்ஸ்ங்கிற ரிலீவருக்காக ஹூஸ்டனுக்குக் கொடுத்தாங்க. 2019ல அமெரிக்கன் லீக் சிறந்த புதுமுகம். எதிர் கிளப் பேர் தெரியாத ஒரு சின்னப் பையனைக் குறிப்பா கேட்டு வாங்கினா, அவங்க ஸ்கவுட் ஏதோ பார்த்திருக்கான். கூட்டமா மூணு பேர் போற டிரேட்ல மூணாவது பேரா இருந்தாலும் சரி.

---

மயூரம்_கேட்சர்

ஸ்ரீரங்கத்தார் சொன்ன கேமினேரோ கதையைக் கேட்டுட்டு டொமினிகன் சம்மர் லீக்ல .350 அடிக்கிற பையன் பின்னாடி ஓடிடாதீங்க தம்பி. அங்கே 17 வயசுப் பசங்க, பிட்சர்ல பாதிப் பேருக்கு ஸ்ட்ரைக் போடவே வராது. வாக் 18% இருந்தா அது பொறுமைன்னு நினைக்காதீங்க, எதிராளிக்குப் பந்து அடங்கலை, அவ்வளவுதான். ஜனவரி 15 நமக்குப் பொங்கல், அங்கே வெளிநாட்டுப் பசங்க கையெழுத்துப் போட ஆரம்பிக்கிற நாள். மில்லியன் கணக்குல வாங்கினவன் பேரெல்லாம் அன்னைக்கே உங்க லீக்ல போயிடும். எல்லி டி லா குரூஸ் 2018ல வாங்கினது 65,000 டாலர். அதனால முதல் வருஷத்துல யாரையும் எடுக்காம, அமெரிக்காவுக்கு வந்து காம்ப்ளெக்ஸ் லீக்ல (சிங்கிள்-ஏக்குக் கீழே இருக்கிற லீக்) முதல் 100 ப்ளேட் அப்பியரன்ஸ் ஆடுற வரைக்கும் பொறுக்கறது உத்தமம்.

எல்லி பேரை எடுத்ததால மன்னையாருக்கு ஒரு கேள்வி. எல்லி 2022ல ஹை-ஏ, டபுள்-ஏ சேர்த்து 28 ஹோம் ரன், 47 ஸ்டீல். ஸ்ட்ரைக்அவுட் 30% பக்கம். உங்க கணக்குப்படி அவரை விட்டிருக்கணுமே?

அப்புறம் கேட்சர் விஷயம் யாரும் சொல்லலை. கேட்சரை "அடுத்த சீசன் கிளம்புவான்"னு எடுக்கவே எடுக்காதீங்க. பிட்சர் ஒவ்வொருத்தனையும் மனப்பாடம் பண்றது, பந்து பிடிக்கறது, முட்டியைக் காப்பாத்திக்கறதுன்னு அவனுக்கு வேலை அதிகம், பேட்டிங் கடைசில வரும். கேல் ராலே 2018 மூணாவது ரவுண்டு, 2021ல மேஜர் லீக் வந்து .180. 2022ல 27 ஹோம் ரன். 2025ல 60. கேட்சரை எடுத்தா மேல வந்து தடுமாறின பிறகு, எல்லாரும் கழிச்சுக் கட்டினதும் எடுக்கணும்.

---

மன்னை_ஸ்கோர்ஷீட்

எல்லி நியாயமான கேள்விதான் சார். விட்டிருக்க மாட்டேன், காரணம் இருக்கு. ஆறரை அடி உயரம், ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிறவன்), ஓட்டம், த்ரோ, அடிவேகம் மூணுலயும் உச்சம். அவ்வளவு இருக்கிறவனுக்கு 30% மன்னிக்கலாம். அந்த மாதிரி உடம்பு உள்ளவன் வருஷத்துக்கு ஒருத்தன் வர்றதே அபூர்வம். மூணு இடம் வச்சிருக்கிறவன் விதிவிலக்கை நம்பி இடத்தை வீணாக்கக் கூடாது. மூலை பேஸ்ல (முதல், மூணாவது பேஸ்) நிக்கிற 30% ஸ்ட்ரைக்அவுட் ஆளுக்கு எந்த மன்னிப்பும் கிடையாது. முதல் பேஸ்மேன் அடிச்சே ஆகணும், ஃபீல்டிங்கை வச்சு அவனை யாரும் தாங்க மாட்டாங்க.

திருவையாத்தாருக்கு: பிட்சர் ஒரே மழைக்காலத்துல மாறுவான்னு நீங்க சொல்றதை ஒத்துக்கறேன். அதேமாதிரி ஒரே மழைக்காலத்துல முழங்கையும் போகும். பிப்ரவரில பிட்சருக்கு இடம் கொடுக்காம, ஏப்ரல்ல மாற்றம் தெரிஞ்சதும் எடுக்கறது லாபம்.

---

திருவையாறு_ஸ்லைடர்

ஏப்ரல்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும் சார், அதான் பிரச்சினை. மார்ச்ல ஸ்பிரிங் ட்ரெய்னிங்ல (சீசனுக்கு முந்தின பயிற்சி) பக்கத்து மைதானத்துல நடக்கிற ஆட்டத்துல உள்ளூர் நிருபர் ஒருத்தர் "97 தொட்டான்"னு எழுதுவார். அந்த ஒரு வரிக்கும் முதல் டபுள்-ஏ ஆட்டத்துக்கும் நடுவுல மூணு வாரம். அதுதான் நம்ம ஜன்னல். ஒரே ஒரு இடத்தை அதுக்காகக் காலியா வைக்கலாம்னு உங்க லீக் விதில இருந்தா வச்சுக்குங்க. உச்ச வேகம் 97ங்கிறதுக்கு மட்டும் அசையாதீங்க. மூணாவது இன்னிங்ஸ்ல எத்தனை போட்டான்னு கேளுங்க. முதல் இன்னிங்ஸ்ல 97 போட்டு மூணாவதுல 92க்கு வந்தவன் ரிலீவர்தான்.

---

குடந்தை_டபுள்ப்ளே

விதில இடம் இருக்குண்ணே, ஏப்ரல் 15 வரைக்கும் ஒரு இடத்தைக் காலியா விடலாம். அப்ப இப்படிப் போறேன்: ஃப்ளோரிடா ஸ்டேட் லீக்ல அடிவேகம் 103 தாண்டின, கிரவுண்ட் பால் அதிகமா இருக்கிற 19-20 வயசுப் பையன் ஒருத்தன். நவம்பர் டிரேட்ல கை மாறின, காம்ப்ளெக்ஸ் லீக் ஆடி முடிச்ச பையன் ஒருத்தன். மூணாவது பிட்சருக்கு.

சீசன் தொடங்கினப்புறம் எத்தனை நாள் பார்த்துட்டு "இது நிஜம்"னு முடிவு பண்ணலாம்?

---

ஸ்ரீரங்கம்_40வதுஆள்

நல்ல பங்கீடு. முதல் ஆளுக்கு ஒரு சோதனை கூடச் சேர்த்துக்குங்க: ஜூலை, ஆகஸ்ட்ல கிரவுண்ட் பால் விகிதம் ஏப்ரல், மே மாசத்தைவிடக் குறைஞ்சிருக்கான்னு பாருங்க. 55ல இருந்து 47க்கு இறங்கியிருந்தா வேலை ஏற்கெனவே நடந்துக்கிட்டிருக்கு. மொத்த சீசன் சராசரி அதை மறைச்சுடும். உங்க லீக்ல மத்தவங்க மொத்தத்தைத்தான் பார்ப்பாங்க.

எத்தனை நாள்ங்கிறதுக்கு: ஸ்ட்ரைக்அவுட் விகிதம் 60 ப்ளேட் அப்பியரன்ஸ்ல ஓரளவு நம்பலாம், வாக்குக்கு 120, ஹோம் ரனுக்கு 170 வேணும். பேபிப் ஒரு சீசன் முழுசா பார்த்தாலும் நம்பிக்கைக்கு வராது. வாரத்துக்கு ஆறு ஆட்டம், செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிராளியோட. நாளுக்கு நாலுன்னு வச்சா 24. ஆக மூணு வாரத்துல ஸ்ட்ரைக்அவுட் தெரிஞ்சிடும், அஞ்சு வாரத்துல வாக். ஒரே எதிராளியோட ஆறு ஆட்டங்கிறதால ஒரு வாரம் மட்டும் பளபளன்னு இருந்தா அந்த எதிராளி யாருன்னு பாருங்க. ஸ்ட்ரைக்அவுட் குறையாம ஹோம் ரன் மட்டும் ஏழு எட்டு வந்திருந்தா, அது விலை ஏறின நேரம். வித்துடுங்க.

லைவ்வா பார்க்கிறதுன்னா கிழக்குக் கரை 7:05 மணி ஆட்டம் நமக்கு விடிகாலை 4:35, மேற்குக் கரைன்னா காலை 7:35. திங்கக்கிழமை அங்கே லீவு, அதனால நமக்குச் செவ்வாய் காலை தூங்கலாம். ஆனா முழு ஆட்டமும் உட்கார்ந்து பார்க்கணும்னு இல்லை. உங்க பையனோட நாலு ப்ளேட் அப்பியரன்ஸை மட்டும் ஓடவிட்டு, ரெண்டு ஸ்ட்ரைக் ஆனப்புறம் வெளில போற ஸ்லைடருக்கு பேட்டை நிறுத்தறானா வீசறானான்னு குறிச்சுக்குங்க. 60 ப்ளேட் அப்பியரன்ஸ்ல அந்த மாதிரி ஒரு இருபது பந்தாவது வரும். அதுல பாதிக்கு மேல விட்டிருந்தான்னா டபுள்-ஏ அவனை நிறுத்தாது.

---

மயூரம்_கேட்சர்

ஒரே ஒரு திருத்தம். இடது கை பேட்ஸ்மேன்னா இடது கை பிட்சருக்கு எதிரா எடுத்ததைத் தனியா குறிச்சு வைங்க. கீழ் லெவல்ல நல்ல இடது கை பிட்சர் குறைவு. அந்த 60ல அவனுக்கு ஒரு பத்து பதினஞ்சுதான் வரும். அதை வச்சு ஜூன் வரைக்கும் எந்த முடிவுக்கும் வராதீங்க.